என் இடது காலுக்குக் கிடைத்த பாராட்டு

நாற்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பிக்கிறவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது கஷ்டம். இருபது வயதில் ஓடுகிறவர்கள் ஓடிவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு, தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். நாற்பதில் ஆரம்பிக்கிறவர்கள் காலால் ஓடுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் முழுக்க வாயால் ஓடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்ற வந்தவரை நிறுத்தி, முட்டி வலிக்கு எந்த ஷூ நல்லது என்று விளக்கியிருக்கிறேன். (பாவம், வாளியோடு நின்று கேட்டுக்கொண்டார். எனக்கு அப்புறம் உட்கார்ந்திருந்த வரிசை முழுக்க ரசமில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.)

எங்கள் வீடு அபிராமபுரத்தில். அண்ணன் முருகேசனின் புடவைக் கடை தி. நகரில். அந்தக் கடையில் மேட்சிங் பிளவுஸ் பகுதி என் பொறுப்பு. விடிந்ததும் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடிவிட்டு, அதே உற்சாகத்தோடு கடைக்குப் போய், மாம்பழ மஞ்சளுக்கும் சந்தன மஞ்சளுக்கும் நடுவே ஒரு மஞ்சள் தேடி வந்த அம்மாள்களிடம் மூச்சுப் பயிற்சி பற்றிப் பேசுவேன். அண்ணன் கல்லாவில் இருந்து கையெடுத்துக் கும்பிடுவான்.

ஆனால் என் ஓட்டத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. சின்ன வயதில் நாங்கள் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தோம். நான் கூடத்தில் நடந்தால் கீழே கல்லாவில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்குமாம். "பொம்பளப் புள்ள இப்படியா அதிர நடக்கும்?" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. அதே கூடத்தில் அண்ணன் பம்பரம் விட்டான், கிரிக்கெட் ஆடினான், கட்டிலில் இருந்து தரைக்குக் குதித்துப் பழகினான். அவன் அதிர்ந்ததாக ஒரு புகாரும் பதிவாகவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு கீழ் ஃபிளாட்காரர்கள் அதே புகாரை மரியாதையாகச் சொன்னார்கள். ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக ஷூ மாட்டிக்கொண்டு ஒரு சாலையில் இறங்கி, யாரும் ஒன்றும் சொல்லாமல் ஓடியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. கடலுக்குக் கீழ் ஃபிளாட் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அங்கேதான் அந்த வார்த்தையை விட்டேன்.

"நான் ஓடினா தரைக்கே தெரியாது. பூ விழற மாதிரிதான் என் கால் விழும்."

அண்ணனுக்குப் புரை ஏறியது. என் கணவர் குமரேசன் அதிகம் பேசாதவர். அப்பளத்தை நிதானமாக நொறுக்கிக்கொண்டே கேட்டார். "எந்தப் பூ? வாழைப்பூவா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் மகள் நந்தினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பிசியோதெரபி மேற்படிப்பில் கடைசி வருடம். சாதத்தில் இருந்து கையை எடுத்து என் கால்களை ஒரு மாதிரி பார்த்தாள். எங்கள் கடையில் புதுச் சரக்கு வந்து இறங்கும்போது அண்ணன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"அத்தை, உங்கள நான் அளக்கலாமா?"

விஷயம் இதுதான். ஓடும்போது பாதம் தரையில் மோதுகிற அதிர்ச்சி எலும்பு வழியாக மேலே ஏறுகிறது. அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. அதை அளக்க, கணுக்காலுக்குச் சற்று மேலே, தோலைத் தொட்டாலே எலும்பு தட்டுப்படும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரைப் பட்டையால் கட்டுகிறார்கள். நீங்கள் ஓட ஓட, ஒவ்வொரு அடியும் லேப்டாப்பில் ஒரு கோடாக எழும்பும். அதிகம் அதிர்கிறவர்களைக் கொஞ்சம் மென்மையாக ஓடச் சொல்லிக்கொடுத்தால் கோடு இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் நந்தினியின் ஆராய்ச்சி.

"மென்மையா ஓடறது எப்படின்னு காட்டறதுக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டேன்.

"ஆமா அத்தை. நீங்க வாங்க" என்றாள்.

இந்த இடத்தில் அவள் உண்மையை முழுதாகச் சொல்லவில்லை என்பதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது பூ இல்லை, வாழைப்பூதான். மென்மையாக ஓடுகிறவர்கள் ஏற்கனவே ஏராளமாகக் கிடைத்துவிட்டார்களாம்.

இதில் அவளுக்கு ஒரு பெரிய சிக்கலும் இருந்தது. அவளுடைய கைடு சேஷாத்ரி சார் ரொம்பக் கறார். அவருடைய முந்தைய மாணவன் ஒருவன், ஆராய்ச்சிக்கு ஆளே தேடாமல் அறையில் உட்கார்ந்து எண்களைக் கற்பனை செய்து எழுதிவிட்டான். அன்றிலிருந்து எந்த மாணவர் நல்ல முடிவைக் கொண்டுவந்தாலும் அவருக்குச் சந்தேகம். நந்தினியின் கோடுகளையும் நம்பாமல், "நானே மைதானத்துக்கு வந்து பார்க்கறேன், அப்பறம் கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். சென்சார்களும் அவர் துறையுடையவை. ஒன்று தொலைந்தாலோ, அவர் முன்னால் ஏதாவது சொதப்பினாலோ படிப்பு அந்தரத்தில் நிற்கும். அண்ணனோ, "இதெல்லாம் வேண்டாம், கடைக்கு வா, பட்டுப் பகுதியப் பாத்துக்கோ" என்று மாதம் ஒரு தரம் ஆரம்பித்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஒலிம்பிக்கில் ஓடப் போகிறவளைப் போல.

அடையாறில் ஒரு விளையாட்டு மைதானம். காலை ஆறு மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினேன். புது ஷூ, புது டிராக் பேன்ட். முக்கால் பேன்ட்தான், சென்சார் கட்ட வசதியாக இருக்கும் என்று. கெண்டைக்காலில் தேங்காய் எண்ணெய் தடவி நன்றாகத் தேய்த்திருந்தேன். (ஓட்டக்காரர்கள் செய்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று இப்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை.)

கேட்டில் ஒரு பழுப்பு நாய் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்து வந்து, காலை முகர்ந்து, கெண்டைக்காலை ஒரு நக்கு நக்கியது. நான் துள்ளினேன்.

வாட்ச்மேன் ஏழுமலை நாற்காலியில் இருந்து எழுந்திருக்காமலே சொன்னார். "பயப்டாதீங்க மேடம். அவுருதான் மேனேஜர். அவுரு பாத்து உட்டாதான் உள்ள வர முடியும். நா சொம்மா சம்பளத்துக்கு குந்திகினு கீறேன்."

"கடிக்குமா?"

"இன்னாத்துக்கு கடிக்கிறாரு? எண்ண வாசன கண்டா அப்டித்தான், கூடவே வருவாரு."

உள்ளே சேஷாத்ரி சார் தன் காரை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வெயிலின் கூச்சம் படாமல் இருக்க லேப்டாப்பை அதற்குள் வைத்திருந்தார். பார்க்க வேண்டுமென்றால் தலையை டிக்கிக்குள் நுழைக்க வேண்டும். ஆகவே அன்று பெரும்பாலும் அவருடைய பேன்ட்டின் பின்பக்கத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கதான் நந்தினியோட அத்தையா? ரொம்ப சந்தோஷம். உங்க ஓட்டத்தப் பத்தி நெறையச் சொன்னா" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். என்ன சொன்னாள் என்று கேட்டிருக்க வேண்டும்.

நந்தினி மண்டியிட்டு இரண்டு கால்களிலும் சென்சாரைக் கட்டினாள். சும்மா கட்டவில்லை, இறுக்கினாள். தளர்வாக இருந்தால் பெட்டியே குலுங்கி, தப்பான கோடு வருமாம். எனக்குப் பாதத்துக்கு ரத்தம் போகிறதா என்றே சந்தேகமாகிவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் இடது பட்டையை மட்டும் ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொண்டேன். (நந்தினி இன்றுவரை "தளர்த்தினீங்க" என்கிறாள். சரிசெய்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.)

ஓடச் சொன்னார்கள். ஓடினேன். ஒரு சுற்று, நிமிர்ந்த தலை, வீசிய கை, முகத்தில் புன்னகை. அவ்வளவு அழகாக நான் அதுவரை ஓடியதில்லை. முடித்துவிட்டுக் காரருகில் வந்து நின்றபோது டிக்கிக்குள் இருந்து குரல் வந்தது.

"என்னம்மா இது? கோடு மேல போய் முட்டிண்டு நிக்கறது?"

"சார், ஸ்கேல மாத்தணும் சார்" என்றாள் நந்தினி தணிந்த குரலில்.

"மாத்தியாச்சே. திரும்பவும் முட்டறது. சென்சார தலகீழாக் கட்டிட்டியோ?"

"இல்ல சார். சரியாத்தான் கட்டியிருக்கு."

அவர் டிக்கியில் இருந்து தலையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் என் காலைப் பார்த்தார், கடைசியில் மைதானத்தைப் பார்த்தார். மைதானம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"ஏம்மா, பூமி மேல உங்களுக்கு ஏதாவது கோபமா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "நான் எப்பவும் மெதுவாத்தான் கால் வைப்பேன் சார். உங்க மெஷின்ல ஏதோ கோளாறு."

"மெஷின்ல ஒண்ணும் இல்ல. போன வாரம் இதே மைதானத்துல ஒருத்தர் ஓடினார். முன்னாள் பளுதூக்கும் வீரர். அவரோடது இதுல பாதிதான் இருந்தது."

பளுதூக்கும் வீரர்! அவர் தூக்கிய பளுவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினால்கூட எனக்கு ஈடாக மாட்டார் என்கிறார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, ஆட்டோ பிடித்து, ஆராய்ச்சிக்கு உதவ வந்த ஒரு பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? நந்தினி என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

"கவலப்படாதீங்கோ, இதுக்கு வழி இருக்கு" என்றார் சார். "அடியச் சின்னதா வெச்சுக்கோங்கோ. பாதத்த ஓங்கிப் போடாதீங்கோ. சத்தம் வராம ஓடுங்கோ. அவ்வளவுதான்."

சத்தம் வராமல். எந்த வார்த்தையில் இருந்து தப்பிக்க நான் கடற்கரைக்குப் போனேனோ, அதே வார்த்தை. அம்மாவாவது வெறும் வாயால் சொன்னாள். இங்கே இரண்டு காலிலும் பெட்டி கட்டி, கோடு போட்டு, ஒரு முனைவர் சொல்கிறார்.

"சார், நான் தரைய மிதிக்கத்தான் ஓடறேன்" என்றேன்.

"தாராளமா மிதியுங்கோ. ஆனா நீங்க குடுக்கற அடிய பூமி அப்படியே உங்க எலும்புக்குத் திருப்பிக் குடுத்துடறதே, அதான் என் கவலை."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சரி, காட்டுகிறேன் என்று கிளம்பினேன். சார் மறுபடி டிக்கிக்குள் தலையை விட்டார். நந்தினியிடம் வெளியே டீக்கடையில் காபி வாங்கிவரச் சொன்னார்.

இரண்டாவது சுற்று. குதிகாலே படாமல் விரல் நுனியில் ஓடினேன். அடுப்படிக்குள் பாலைத் தேடி வந்த பூனை மாதிரி, தோளைக் குறுக்கிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. மைதானத்தின் அந்தக் கோடியில் கிரிக்கெட்டுக்காக ஒரு பெரிய வெள்ளைத் தட்டி நிற்கும். அதற்குப் பின்னால் போனபோது இடது கெண்டைக்கால் சதை, யாரோ கயிறு போட்டு இழுத்தது போல ஒரே சுருட்டாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. "ஐயோ அம்மா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த வேகத்தில் இடது கால் பட்டை கழன்று, எண்ணெயில் வழுக்கிக்கொண்டு, புல்லில் போய் விழுந்தது.

நான் இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது தூரத்தில் டிக்கிக்குள் இருந்து ஆனந்தமான குரல் எழுந்தது.

"பேஷ்! பேஷ்! இதான்! இதத்தான் சொன்னேன்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வலித்துக்கொண்டிருப்பவளைப் பார்த்து யாராவது பேஷ் என்பார்களா?

"வலது கால் சென்சார் படுத்துடுத்து, அது போகட்டும். இடது என்ன அழகா வரது! என்ன லைட்டா வெக்கறேள்! அப்படியே மெயின்டெயின் பண்ணுங்கோ! நிறுத்திடாதீங்கோ!"

நான் கண்ணைத் திறந்து என் இடது காலைப் பார்த்தேன். அது என் முன்னால்தான் அசையாமல் நீட்டிக்கொண்டு கிடந்தது. பட்டை இல்லை. புல்லைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. பிறகு மைதானத்தைப் பார்த்தேன்.

மேனேஜர் ஓடிக்கொண்டிருந்தார். வாயில் என் பட்டை. பட்டையில் சென்சாரின் பச்சை விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் ஓட வேண்டிய அதே வெள்ளைக் கோட்டை ஒட்டி, அலட்டல் இல்லாமல், காது இரண்டும் காற்றில் பறக்க, அவர்பாட்டுக்கு ஒரு சுற்றுப் போய்க்கொண்டிருந்தார்.

"வாரே வா! இத்தன வருஷத்துல இப்படி ஒரு லேண்டிங் நான் பாத்ததில்ல!" என்றது டிக்கி.

"சார், நாய்!" என்று கத்தினேன்.

"என்ன?"

"நாய் சார்! நாய்!"

"நாய் ஒண்ணும் பண்ணாது, பயப்படாம ஓடுங்கோ!"

அந்த நேரத்தில் நந்தினி இரண்டு கையிலும் காபியோடு கேட்டுக்குள் நுழைந்தாள். மேனேஜர் அவளைத் தாண்டி வெளியே போனார். அவள் ஒரு கணம் நின்றாள். பச்சை விளக்கைப் பார்த்தாள். காபி இரண்டும் கீழே விழுந்தன.

"அத்தை!" என்ற அலறல் மைதானம் முழுக்கக் கேட்டது. நாய் திருடியதற்கு என்னைக் கூப்பிட்டுக் கத்துவானேன்?

எழுந்து ஓடினேன். ஒரு கால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு, மறு காலை ஓங்கி ஓங்கிப் போட்டு, எப்படி ஓட முடியுமோ அப்படி ஓடினேன். மென்மையாவது ஒன்றாவது.

கேட்டில் ஏழுமலை அப்போதும் நாற்காலியிலேயே இருந்தார். "மேடம், தொர்த்தாதீங்க! தொர்த்தினா அவுரு வெளாட்டுன்னு நென்ச்சிக்குவாரு!"

"நீங்க கூப்பிடுங்களேன்!"

"நா கூப்ட்டா எங்க வர்றாரு? அவுருதான மேனேஜரு."

தெருவில் நந்தினி முன்னால், நான் பின்னால். மேனேஜர் எங்களைத் திரும்பிப் பார்த்து, வாலை ஆட்டிவிட்டு, ஓரமாக நின்றிருந்த தண்ணீர் லாரிக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டு, பட்டையைச் சுவைக்க ஆரம்பித்தார். நந்தினி நடுரோட்டில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். எட்டவில்லை. அதே சமயம் லாரி உறுமியது.

நான் போய் லாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னாமா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"அடியில நாய் இருக்கு! வண்டிய எடுக்காதீங்க!"

"நாயி ஆரன் அட்ச்சா ஓடிப்பூடும்மா!"

"ஓடிடக் கூடாது! அதான் பிரச்சினையே!"

டிரைவருக்குப் புரியாததில் தப்பே இல்லை. ஆனாலும் எஞ்சினை அணைத்தார். நந்தினி தரையில் படுத்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். "போச்சு அத்தை. எல்லாம் போச்சு. நாளைல இருந்து நான் பட்டுப் பகுதிதான்." சட்டை முழுக்கத் தண்ணீர் லாரியின் சேறு. அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு வலியும் கோபமும் கொஞ்சம் விலகி மூளை வேலை செய்தது. அது பட்டையைக் கடிக்கவில்லை, அதில் ஊறியிருந்த எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தது. எண்ணெயின் மூலஸ்தானம் என் காலில் அல்லவா இருக்கிறது?

அடையாறில், காலை நேரத்தில், பள்ளிக்கூட வேன்கள் போகிற தெருவில், நான் லாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இடது காலை அதன் அடியில் நீட்டினேன். "வா மேனேஜர், வா" என்று கொஞ்சினேன். மேனேஜர் யோசித்தார். பட்டையைக் கீழே வைத்தார். தவழ்ந்து வந்து என் கெண்டைக்காலைக் கணுக்காலில் இருந்து முட்டிவரை சாவகாசமாக நக்கத் தொடங்கினார். கூச்சம் தாங்காமல் நான் போட்ட சத்தத்தில் எதிர் அபார்ட்மென்டின் பால்கனிகள் திறந்தன. டிரைவர் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். நந்தினி ஊர்ந்து போய்ப் பெட்டியை எடுத்துவிட்டாள். இரண்டு பல் தடம். ஆனால் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது சேஷாத்ரி சார் டிக்கியை விட்டு வெளியே வந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போயிட்டேள்? சிக்னல் விட்டுடுத்து. பரவாயில்ல, வேண்டிய அளவு வந்துடுத்து. நந்தினி, உன் ஆராய்ச்சி ஜெயிச்சாச்சு! ஒரே தடவ சொன்னேன். எவ்வளவு எறங்கியிருக்கு பாரு! இத ஒண்ண மட்டும் போட்டாலே போறும். நான் இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

நந்தினி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் படிப்பு முடிந்தது, கையெழுத்து ஆனது, நானும் பூ ஆனேன். அவ்வளவு மரியாதை எனக்கு அதுவரை யாரும் தந்ததில்லை. சும்மா இருடி என்று சொல்ல வாய்வரை வந்தது.

"சார், அது அத்தை இல்ல" என்றாள் நந்தினி.

"எது?"

"அந்த இடது கால்."

அவர் என் இடது காலைப் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, கொஞ்சம் ஈரமாக.

"பின்ன யாரு?"

"மேனேஜர் சார்."

"எந்த மேனேஜர்?"

"நாய் சார். பட்டை கழண்டு விழுந்திருச்சு. நாய் வாயில கவ்விக்கிட்டு ஓடிருச்சு. நீங்க பாத்தது அதோட ஓட்டம். அத நான் கணக்குல சேக்க முடியாது."  முழுதாகச் சொல்லிவிட்டாள்.

சார் லேப்டாப்பைப் பார்த்தார். கேட் பக்கம் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, மனப்பாரம் இறங்கியவர் போலத் தலையாட்டினார்.

"அதானே பார்த்தேன்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு? ஒரு வருத்தம்? பிடித்துக்கொண்ட காலோடு லாரியை மறித்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்? ஒன்றும் கிடையாது. அதானே பார்த்தேன்! ஒரு மனுஷி அவ்வளவு அழகாக ஓட முடியாது என்று அவருக்கு மனதுக்குள் ஒரு உறுத்தல் இருந்ததாம், அது இப்போது தீர்ந்துவிட்டதாம்.

பிறகு நந்தினியின் பக்கம் திரும்பினார். அப்போது குரல் மாறியிருந்தது. "கையெழுத்து போடறேன்னு சொன்னதுக்கப்பறமும் வாயத் தொறந்து சொன்னியே. உன் மத்த ஃபைல் எல்லாத்தையும் உக்காந்து சோதிக்கணும்னு இருந்தேன். வேண்டாம். நீ எழுத ஆரம்பி." நந்தினி மறுபடி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கலக்கம் அதிக நேரம் நீடிக்கவில்லை. ஏனென்றால் சார் அடுத்து என் வலது காலைக் காட்டி, "இது உங்களோடதுதானே?" என்று உறுதி செய்துகொண்டார்.

சென்சார் சிக்னல் எட்டாத தூரத்துக்குப் போனாலும் தனக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளுமாம். நான் நாயைத் துரத்தி நொண்டிக்கொண்டு ஓடிய ஓட்டம் முழுவதும் வலது பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சார் அசந்துபோனார். மனித எலும்பு இவ்வளவு தாங்கும் என்பதற்கு உதாரணமாக வகுப்பில் காட்ட அனுமதி கேட்டார். பெயர் போட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு என் வலது காலைத்தான் முதலில் காட்டுகிறார்களாம். சிலர் அது குதிரை என்று சொல்கிறார்களாம்.

நந்தினி பாஸாகி, இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பட்டுப் பகுதிக்கு அண்ணன் வேறு ஆள் போட்டுவிட்டான். ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அன்றிலிருந்து ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. நான் எதை உருப்படியாகச் செய்தாலும் அந்தக் கேள்வி வரும். வத்தக்குழம்பு நன்றாக அமைந்தால், வீட்டுக்காரர் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு நிதானமாக நிமிர்ந்து கேட்பார். "இது நீ வச்சதா, மேனேஜர் வச்சதா?" தீபாவளிக்குப் பிளவுஸ் பகுதியில் வியாபாரம் அமோகமாக நடந்தால், அண்ணன் கல்லாவில் இருந்து எல்லார் காதிலும் விழும்படி, "மேனேஜருக்கு ஒரு போனஸ் குடுக்கணும்" என்பான். கடைப் பெண்களுக்கும் இப்போது விஷயம் தெரியும். லாரி டிரைவர் எடுத்த படம் எப்படியோ சுற்றி அவர்கள் போனுக்கும் வந்துவிட்டது.

போன மாதம் பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டி ஒன்றில், இதுவரை ஓடியதிலேயே நல்ல நேரத்தில் ஓடி முடித்தேன். நானே, என் இரண்டு காலால். கழுத்தில் மெடலோடு ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அடுத்த நொடியே அண்ணனிடமிருந்து பதில் வந்தது. "வாழ்த்துக்கள். ஓடினது யாரு?"

குழுவை விட்டு வெளியேறினேன். சாயங்காலம் நந்தினி என்னை மறுபடி சேர்த்துவிட்டாள், "கோச்சுக்காதீங்க அத்தை" என்ற செய்தியோடு. சமாதானமாகித் திறந்து பார்த்தேன். குழுவின் படத்தை அவள் மாற்றியிருந்தாள். பழைய குடும்பப் படத்துக்குப் பதிலாக அங்கே மேனேஜர் இருந்தார். என் மெடலைப் படத்தில் இருந்து வெட்டி எடுத்து அவர் கழுத்தில் ஒட்டியிருந்தாள்.

அவருக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.